நுரையில் ஓடும் படகு

ஜூஜுவாடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் மாமாவுக்கு மோட்டார் படகு ஆசை. 2022 செப்டம்பர் வெள்ளத்தில் பெங்களூரு ஐ.டி. ஆட்களைப் படகிலும் டிராக்டரிலும் ஏற்றிப் போனார்களே, அன்று பிடித்தது. 16 அடியா, 24 அடியா என்பதுதான் குழப்பம்.

“பெருசுன்னா அலையைத் தாங்கும் மாமா. பெட்ரோலும் குடிக்கும்.”

“அலைக்கு எங்கேடா போறது?”

நியாயம்தான். பக்கத்திலிருக்கும் கெலவரப்பள்ளி அணையிலிருந்து தென்பெண்ணையில் மலை மலையாகப் பொங்கி வருவது ரசாயன நுரை. அதற்குத் துடைப்பம் போதும். ஒகேனக்கல் போனால், அங்கே பரிசல்காரர் சிரிப்பார்.

கடைசியில் மாமா டேப் எடுத்து, படகையல்ல, தன் டாடா ஏஸை அளந்தார். 16 அடிதான் முடிவு. பாதிக்கு மேல் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்குமாம். கம்பி லோடுக்குக் கட்டும் சிவப்புத் துணி கைவசம் இருக்கிறதாம்.