மாட்ட வாங்குனாங்க, கவுற வாங்கல

வா கண்ணு, உக்காரு. இணையத்துல ஏலக்கடை நடத்தற ஈபே கம்பெனிப் பங்கு வாங்கப் போறியாம்ல? போனுல வெரலத் தேச்சா வந்துருமாம்ல? நெம்ப சந்தோசம். அந்தக் கம்பெனி வருசா வருசம் அமெரிக்கச் சர்க்காருக்கு எழுதிக் குடுக்கற அறிக்கைய ஒருதரமாச்சும் பொரட்டிப் பாத்தியா?

பாத்திருக்க மாட்டே. அதுல எங்களுக்கு என்னென்ன கெடுதல் வரலாம்னு பக்கம் பக்கமா எழுதியிருப்பாங்க. கள்ளன் வருவான், போலிச் சரக்கு வரும், மெசினு படுத்துக்கும், சட்டம் மாறும், போட்டிக்காரன் மொளைப்பான். இத்தனையும் எதுக்கு? நாளைக்கு உன்ற காசு போச்சுன்னு நீ கோர்ட்டுக்குப் போனா, 'அதான் அப்பவே சொன்னமே'ங்கறதுக்கு. வக்கீலு சும்மாவா சம்பளம் வாங்கறான்?

அந்த ஏவாரமே ஒடஞ்ச சாமானுலதான் ஆரம்பிச்சுது. 1995-ல பியர் ஒமிடியார்ங்கறவரு ஒடஞ்சுபோன லேசர் பாயிண்டர் ஒண்ண ஏலம் வுட்டாரு. 14 டாலர் 83 சென்ட்டுக்குப் போச்சு. அவருக்கே மனசு கேக்கல. 'ஏப்பா, அது ஒடஞ்சதுன்னு தெரியுமா'ன்னு எடுத்தவனக் கேட்டாராம். 'ஒடஞ்சதத்தான் நாஞ் சேத்து வெக்கறேன்'னானாம் அவன். வித்தவனும் நெசம் சொன்னான், வாங்குனவனும் நெசம் சொன்னான். அப்பறம் அதுல ஆபத்து எங்கிருந்து வரும்? ஆனா கெரகம், கூட்டம் கோடிக்கணக்குல சேந்தப்பறம் அத்தன பேரும் நெசம் பேசுவானா?

கடை போட்டவன் சரக்கக் கண்ணுலகூடப் பாக்கறதில்ல பாரு. போலி நகை வித்துதுன்னு நகைக்கார டிபனி கம்பெனி அமெரிக்காவுல ஈபே மேல கேசு போட்டுது; 2008-ல ஈபே செயிச்சுது. அதே வருசம் பிரான்சுல கைப்பை விக்கற லூயி விட்டோன்காரங்க போட்ட கேசுல ஏறக்குறைய 4 கோடி யூரோ கட்டுன்னுட்டாங்க. அப்பீலுக்குப் போயிக் கொறச்சுக்கிட்டாங்கன்னு வையி. கடலத் தாண்டுனா ஞாயம் மாறிப்போகுது.

பணப் பட்டுவாடாவுக்கு வருவோம். 2002-ல இணையத்துல பணம் கைமாத்தி வுடற பேபால் கம்பெனிய ஈபேக்காரங்க 150 கோடி டாலருக்கு வாங்குனாங்க. இதுல கூத்து என்னன்னா, ஒருத்தன் கார்டத் தேச்சுக் கேமரா வாங்குவான். மறுமாசம் 'நாம் வாங்கவேயில்ல'ன்னு பேங்குல சொல்லுவான். பேங்கு வெடுக்குனு பணத்தப் பேபால்கிட்டத் திருப்பிக் கேக்கும். பேபால் வித்தவனத் தேடும். அவன் கணக்கத் தொடச்சுக்கிட்டு ஓடிருந்தா? நட்டம் ஆருக்கு? தரகுக்காரனுக்குத்தான். கொஞ்சூண்டு தரகு வாங்கிட்டு முழுப்பணத்துக்கும் சாமீன் நிக்கறது எச்சான தகிரியம் கண்ணு!

பேபால் ஒரு பேங்கான்னு கேளேன். அமெரிக்காவுல 'அய்யய்யோ, நாங்க பேங்கில்ல'ம்பாங்க. மாகாணத்துக்கு மாகாணம் தனித்தனியா உரிமம் வாங்கோணும். லக்சம்பர்க்குல? 2007-லிருந்து பேங்கேதான்.

இதெல்லாம் வெளிய இருந்து வர்ற கெடுதல். இதுக்கு மருந்து உண்டு. தானாத் தேடிக்கறதுக்கு?

2003-ல சீனாவுக்குப் போயி அங்கத்த ஏலக் கம்பெனிய வாங்குனாங்க. அதே வருசம் அலிபாபாங்கற சீனக் கம்பெனிக்காரன் தவோபாங்கற போட்டிக் கடையத் தொறந்தான். கட்டணமே இல்லைன்னான். வாங்கறவனும் விக்கறவனும் ஆசதீரப் பேசிக்கட்டும்னு வுட்டான். ஈபே காசு கேட்டுது. ரெண்டு பேரும் பேசிக்கிட்டா நம்ம தரகு போயிருமேன்னு பயந்துது. 2006-ல அந்தக் கடைய அங்கத்தவன் கையில ஒப்படைச்சுட்டு வந்துருச்சு.

இப்பக் கேளு. அங்க பேசவுடாம வெச்சிருந்த அதே ஈபே, 2005-ல 'வாங்கறவனும் விக்கறவனும் பேசிக்கோணும்'னு சொல்லி இணையம் வழியாப் பேசிக்கற ஸ்கைப்ப வாங்குச்சு. எவ்வளவுக்கு? 260 கோடி டாலருக்கு! ஒடஞ்ச பாயிண்டர வாங்குனவன் ஒரு வரி எழுதிப் பேசிக்கிட்டான். அதுக்கு 260 கோடியா? 2007-ல ஏறக்குறைய 140 கோடிக்கு நட்டக் கணக்கு எழுதுனாங்க. அதோட போச்சா? ஸ்கைப்ப இழுத்துக்கிட்டுப் போற அடிப்படை மென்பொருளே வாங்குன சரக்குல சேரல. அது வித்தவங்க கம்பெனியிலயே நின்னு போச்சு. 2009-ல கோர்ட்டு வரைக்கும் நாறுச்சு. மாட்ட ஓட்டிக்கிட்டு வந்து, மூக்கணாங்கவுற வித்தவன் கையிலயே வுட்டுட்டு வந்திருக்காங்க. எங்கூரு மாட்டுத் தரகன் காதுல இது வுழுந்தா சிரிச்சே செத்துருவான்.

2015-ல பேபாலயும் பிரிச்சு வுட்டாச்சு. மூணே வருசத்துல பட்டுவாடா வேலைய நெதர்லாந்துக் கம்பெனி அடியன்கிட்டத் தரப்போறோம்னாங்க. ஆக, கல்லாப்பெட்டி ஒரு பக்கம், கடை ஒரு பக்கம். அதுக்காகக் கடை படுத்துக்கல, நடந்துக்கிட்டுத்தான் இருக்குது.

வேண்டாம்னு நாஞ் சொல்லல. கள்ளனப் பத்தி எழுதியிருக்கற பக்கத்தத் தள்ளிட்டு, இந்த வருசம் புதுசா எந்தக் கம்பெனிய வாங்கறாங்க, என்ன வெலைக்கி வாங்கறாங்க, அதோட கவுறும் சேந்து வருதான்னு அறிக்கையில பாரு. இங்கிலீசுல இருந்தா என்ன? நீ படிச்சுச் சொல்லு, நாங் கேக்கறேன். அதுவரைக்கும் அந்தப் போன அக்கட்டால வையி.