தோட்டச் சுகாதாரத்துக்குப் பொறுப்பேற்காமலே பொறுப்பில் இருப்பது எப்படி?

நியமனக் கடிதம் கைக்கு வந்துவிட்டதா? வாழ்த்துகள். நீங்கள் அமைச்சராக இருக்கலாம், செயலாளராக இருக்கலாம், மாகாணத் திணைக்களத்தின் மேசையிலோ கம்பனியின் தலைமையகத்திலோ இருக்கலாம். எங்கே இருந்தாலும் ஒரு நாள் பொகவந்தலாவையிலிருந்தோ டயகமவிலிருந்தோ யாராவது வந்து, "ஐயா, எங்க தோட்டத்து ஆஸ்பத்திரியில ஏன் டொக்டர் இல்ல?" என்று கேட்கத்தான் போகிறார்கள். பதற வேண்டாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதில் இலங்கையின் மலைநாட்டுக்கு ஒன்றரை நூற்றாண்டுப் பழக்கம் உண்டு. முன்னோர் விட்டுச்சென்ற அந்த வித்தையைப் படிப்படியாகக் கீழே தருகிறோம்.

படி 1: அடுத்த கதவைக் காட்டுங்கள்

கோப்பிக் காலத்திலேயே, 1872இல், தோட்டத் தொழிலாளருக்கு வைத்தியம் பார்ப்பதற்கென்று தனிக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. 1912இல் அது புதுப்பிக்கப்பட்டது. நாட்டின் மற்ற நோயாளிகள் அரசாங்கத்தின் நோயாளிகள், தோட்டத்து நோயாளி துரையின் நோயாளி என்ற பிரிவினை அங்கிருந்து தொடங்குகிறது. நாடெங்கும் இலவச வைத்தியம் பரவிய பிறகும் தோட்டம் தனிப் பாத்தியாகவே கிடந்தது.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1987இல் மாகாண சபைகள் வந்தன. சுகாதாரத்தில் பெரும்பங்கு அவற்றிடம் போனது. 1992இல் தோட்ட முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. அதே ஆண்டு தொழிலாளரின் வீடமைப்புக்கும் நலனுக்கும் ஒரு நிதியம் உருவானது; இன்று அதன் பெயர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். ஆக, உங்களிடம் நான்கு கதவுகள் இருக்கின்றன. கம்பனியிடம் கேட்டால் நிதியத்தைக் காட்டும். நிதியம் மாகாணத்தைக் காட்டும். மாகாணம் கொழும்பைக் காட்டும். கொழும்பு, "அது தோட்ட முகாமைத்துவத்தின் விடயம்" என்று கம்பனியைக் காட்டும்.

கம்பனிக்காரருக்குத் தனிக் குறிப்பு: காணி அரசாங்கத்தினுடையது, நாங்கள் குத்தகைக்காரர் மட்டுமே என்று சொல்லுங்கள். குத்தகை 2045 வரை இருக்கிறது என்பதை அதே வாக்கியத்தில் சொல்லிவிடாதீர்கள்.

வெளிநாட்டுப் பத்திரிகையாளர் வந்தால், தேயிலை உள்ள இடமெல்லாம் இப்படித்தான் என்று ஆறுதல் சொல்லலாம். இந்தியாவிலும் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியை முதலாளியின் தலையில்தான் வைத்தது. அஸ்ஸாமைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு ஒரு கோப்பை தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

படி 2: எல்லைக்கோட்டில் நில்லுங்கள்

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்றொரு வசதி இருந்தது. தோட்டத்துக்குள் பிரதேச சபை தன் பணத்தைச் செலவழிக்க அது இடம் தரவில்லை. தோட்ட மக்கள் பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம், உறுப்பினராகலாம், தலைவராகக்கூட வரலாம். ஆனால் தன் லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு கூடை கல்லைக்கூட அந்தத் தலைவர் சபைக் காசில் போட முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதையும் தோட்டப் பாதைதான் என்பதை நினைவில் வையுங்கள்.

2018இல் இந்தப் பிரிவைத் திருத்திவிட்டார்கள். 31 ஆண்டுகள் உழைத்த ஒரு வாக்கியம் ஓய்வுபெற்றது. கவலை வேண்டாம்: "சட்டத்தில் இடமில்லை" என்று இருந்த இடத்தில் "நிதி ஒதுக்கீடு இல்லை" என்று போட்டுக்கொள்ளுங்கள். பாதை அப்படியே இருக்கும்.

படி 3: சராசரியைப் பேசுங்கள்

குறைந்த செலவில் நல்ல சுகாதாரம் கண்ட நாடுகள் என்று 1985இல் உலகம் கேரளத்தோடும் சீனத்தோடும் கொஸ்தாரிக்காவோடும் இலங்கையையும் வரிசைப்படுத்தியது. எந்த மேடையிலும் இதிலிருந்து தொடங்குங்கள்; பொய்யும் அல்ல.

பிறகு 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டை எடுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 100க்கு 17 பேர் என்று அதில் இருக்கும். தெற்காசியாவில் இது மெச்சத்தக்க எண் என்று சொல்லி அறிக்கையை மூடிவிடுங்கள். அதே அட்டவணையில் தோட்டத்துறை என்று ஒரு வரி உண்டு. அங்கே எண் 31.7. நாட்டில் மக்கள் கூட்டம் பெரிது, தோட்டத்தில் சிறிது. இரண்டையும் கூட்டி வகுத்தால் நுவரெலியாப் பிள்ளையின் குள்ளம் காலியிலும் கம்பஹாவிலும் கரைந்துவிடும்.

வைத்தியரின் எண்ணிக்கையிலும் இதே வித்தை கைகொடுக்கும். தோட்ட ஆஸ்பத்திரிகளிலும் டிஸ்பென்சரிகளிலும் பெரும்பாலும் இருப்பவர் எம்.பி.பி.எஸ். படித்தவர் அல்லர், தோட்ட மருத்துவ உதவியாளர். "ஆளில்லாத தோட்டம் இல்லை" என்று அறிக்கையில் எழுதுங்கள். எந்த ஆள் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

படி 4: நாடாவை வெட்டுங்கள்

டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் வைத்தியசாலையை 2017 மே 12 அன்று நரேந்திர மோடி திறந்துவைத்தார். அன்றே நோர்வூட் மைதானத்தில் பெருங்கூட்டமும் நடந்தது. அந்த வைத்தியசாலை மலைநாட்டுக்கு வேண்டியதுதான், அதில் மறுபேச்சில்லை. நீங்கள் கற்க வேண்டிய பாடம் வேறு. கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு, அதில் பெயர் உண்டு. தாதியர் வெற்றிடத்தை நிரப்புவதற்குக் கல்வெட்டு கிடையாது. மருந்து தீர்ந்து போகாமல் பார்த்துக்கொண்டதற்காக யாருக்கும் மாலை விழுந்ததில்லை. ஆகவே எதற்குக் கல்வெட்டு உண்டோ அதைச் செய்யுங்கள்.

1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸைப் பற்றியும் பெருமையாகப் பேசலாம். அழைத்தால் காசில்லாமல் வருகிறது. அது ஏற முடியாத மேல்மலைப் பாதையில் பிரசவ வலி கண்ட பெண்ணைக் கொழுந்து லொறியில் இறக்கிக்கொண்டு வருவார்களே, அந்தப் பகுதியைப் பேச்சில் விட்டுவிடுங்கள்.

படி 5: குளவியைக் குற்றவாளியாக்குங்கள்

கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி ஆட்களை ஆஸ்பத்திரியில் சேர்த்ததாக ஆண்டு முழுவதும் செய்தி வரும். சில நாட்களில் மரணச் செய்தியும் வரும். இது இயற்கையின் சீற்றம் என்று உடனே அறிவியுங்கள். வார்டுக்குப் பழப்பையோடு போய்ப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மலைக்கு ஆள் இறக்குமுன் கூடு இருக்கிறதா என்று பார்ப்பது யார் வேலை, தோட்ட டிஸ்பென்சரியில் ஒவ்வாமைக்கு ஊசி இருந்ததா, கொட்டு வாங்கியவருக்கு அன்றைக்கு முழுப்பேரா அரைப்பேரா (முழுநாள் சம்பளமா அரைநாள் சம்பளமா) என்ற கேள்விகள் படத்தில் வராது. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 முதல் இருக்கிறது. அதையும் நீங்களாக ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

படி 6: விழிப்புணர்வு இல்லை என்று வருந்துங்கள்

இதுவரை சொன்னவற்றில் எது பலிக்காவிட்டாலும் இது பலிக்கும். பிள்ளை எடை குறைவா? தாய்க்கு விழிப்புணர்வு இல்லை. கர்ப்பிணிக்கு இரத்தச்சோகையா? விழிப்புணர்வு இல்லை. உடனே ஹட்டன் நகரில் ஒரு பதாகை, ஒரு கருத்தரங்கு, ஒரு சோற்றுப் பொட்டலம். முட்டை, மீன், கீரை, பழம் என்று படம் போட்டுக் காட்டுங்கள்.

கேட்டுக்கொண்டிருக்கும் பெண் காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும் தின்றுவிட்டு மலைக்கு ஏறியவர். 2024இல் வர்த்தமானியில் ஏறியபோது அவருடைய நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. நிறை குறைந்தால் அதுவும் அரைப்பேர். கிளினிக்குக்குப் போகும் நாளில் பேரே விழாது. பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மாலை கொழுந்து நிறுத்துவிட்டு, தண்ணீர் பிடித்து அடுப்பு மூட்டுகிற அவருக்கு முட்டையில் புரதம் இருப்பது தெரியும். முட்டையின் விலையும் தெரியும். அவர் வாய் திறப்பதற்குள் நன்றியுரையை ஆரம்பித்துவிடுங்கள்.

படி 7: கடிதத்தை நம்புங்கள்

நலத்திட்டங்களைக் கடிதமும் படிவமுமாக நடத்துங்கள். 2023இல் சமுர்த்தியின் இடத்துக்கு அஸ்வெசும வந்தபோது விண்ணப்பத்துக்கு ஒரு திகதி, மேன்முறையீட்டுக்கு ஒரு திகதி, ஆட்சேபனைக்கு ஒரு திகதி என்று எல்லாம் ஒழுங்காகவே அறிவிக்கப்பட்டன. லயத்தில் பல குடும்பங்களுக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து கங்காணியிடமோ, கடைக்காரரிடமோ, கோவில் திண்ணைக்கோ போய்ச் சேரும். திகதி தவறினால் குற்றம் விண்ணப்பதாரருடையது.

படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தால் இன்னும் நல்லது. தமிழும் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் சொல்வது உண்மைதான். "தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது, அடுத்த கிழமை வாருங்கள்" என்று சொல்வதற்கு அந்தத் திருத்தத்தில் தடை எதுவும் இல்லை.

எழுத்தில் பதில் தர வேண்டி வந்தால் இந்த மாதிரியைப் பயன்படுத்துங்கள்:

"தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. மேற்படி விடயம் உரிய தரப்பினரின் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது என்பதைத் தங்களுக்குத் தயவுடன் அறியத்தருகிறேன்."

உரிய தரப்பினர் யார் என்று எந்தக் காலத்திலும் எழுதிவிடாதீர்கள். இந்தக் கைநூலின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

படி 8: திட்டம் முடியுமுன் இடம் மாறுங்கள்

பெருந்தோட்ட மக்களுக்கென்று 2006 முதல் 2015 வரை ஒரு பத்தாண்டுத் தேசியத் திட்டம் இருந்தது. பிறகு 2016 முதல் 2020 வரை ஐந்தாண்டுத் திட்டம் வந்தது. 2018இல் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் வந்தது. அமைச்சின் பெயர்ப்பலகையும் ஆட்சிக்கொரு தடவை மாறியது. திட்டத்தின் கடைசி ஆண்டு வரும்போது அதை எழுதியவர் வேறு அமைச்சில் இருப்பார். புதியவர் புதிய திட்டம் எழுதுவார். பழையதில் எத்தனை நடந்தது என்று கணக்குப் பார்ப்பது மட்டும் எவருடைய கடமைப் பட்டியலிலும் இராது.

பக்க விளைவுகள்: அவசியம் படிக்கவும்

இந்த வித்தை இவ்வளவு காலம் பலித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. வாக்குரிமையும் அதைத் தொடர்ந்து போனது. வாக்கில்லாதவருக்குப் பதில் சொல்ல எந்த அரசியல்வாதிக்கும் தேவையிருக்கவில்லை. அந்தக் கணக்கை முடித்துவைக்க 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது அவர்கள் கையில் வாக்கு இருக்கிறது; அதோடு இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்தப் பிரஜையும் காரணம் சொல்லாமலே தகவல் கேட்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட விடயமென்றால் 48 மணித்தியாலங்கள்தான். மறுத்தால் அதே நிறுவனத்தில் மேன்முறையீடு, அதற்கு மேல் ஆணைக்குழு. திணைக்களமும் அமைச்சும் பிரதேச சபையும் மட்டுமல்ல, அரசோடு செய்த ஒப்பந்தத்தின்படி பொதுப்பணி செய்யும் தனியார் நிறுவனமும் அந்தப் பணியின் அளவுக்கு இதற்குள் வரும். "உரிய தரப்பினர்" என்ற சொல் இந்தச் சட்டத்தின் முன் நிற்காது.

கைநூல் இவ்வளவுதான். இனிச் சொல்வது அதிகாரிக்கு அல்ல, இதைக் கையில் வைத்திருக்கும் தோட்டத்து வாசகருக்கு.

"ஏன் டொக்டர் இல்லை?" என்று கேட்டால் ஒரு சொற்பொழிவுதான் கிடைக்கும். பதிவேட்டில் இருப்பதைக் கேளுங்கள்: எங்கள் தோட்ட வைத்தியசாலைக்குப் பொறுப்பான நிறுவனம் எது, அங்கே எந்தப் பதவியில் இருப்பவர் பொறுப்பு? அனுமதிக்கப்பட்ட ஆளணி எத்தனை, வெற்றிடம் எத்தனை, எந்தத் திகதியிலிருந்து? கடந்த ஆண்டு மருந்துக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு? தமிழில் எழுதுங்கள். ஒரே கேள்வியை நான்கு கதவுகளுக்கும் ஒரே நாளில் கொடுங்கள். கொடுத்ததற்குத் திகதியிட்ட பற்றுச்சீட்டு வாங்காமல் படியிறங்காதீர்கள். நான்கு பதில்களும் வந்ததும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வாக்குக் கேட்டு வருகிறவரிடமும் படித்துக் காட்டுங்கள்.