மில்லி விநாடி மிச்சக்காரர்

ஆரணிப் பட்டுக் கடைகளின் கணக்கறையில் இவரைப் பார்க்கலாம். சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை. தலைக்கு மேல் அப்பா தறியின் ஜக்கார்டு அட்டைகள் தொங்கும், மடியில் லேப்டாப். சாயங்காலமானால் மாமா கடைக்குப் போய், யாரும் கேட்காமலே கம்ப்யூட்டரைச் ‘சரி’ பண்ணுவார்.

கடையில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் உண்டு. நெசவாளிகளுக்குக் கொடுத்த பாவு, ஜரிகை, முன்பணம், வந்து சேர்ந்த சேலை எல்லாம் கூட்டிக் கழித்து, ராத்திரிக்கு ஒரு தடவை பாக்கி சொல்லும். பன்னிரண்டு வரி. ‘கேட்’ என்ற கட்டளை கோப்பைத் திறக்கும். பைப் வழியாக ‘கிரெப்’ பெயரைத் தேடும். கணக்குப்பிள்ளை விரல் வைத்துப் படித்துவிடுவார்.

அந்தக் ‘கேட்’டைக் கண்டாலே இவருக்கு வயிறு எரியும். “இன்னா மாமா இது! கிரெப்பே ஃபைலைத் திறக்குமே. வீணா ஒரு ப்ராசஸ்!” ஆரணிச் சேலைக்கு எடை குறைவு என்று பெயர், ஸ்கிரிப்டையும் அப்படியே ஆக்கிவிடுவார். பன்னிரண்டு வரியும் ஒரே ‘ஆக்’ வரியாகும். ‘பாக்கி’ என்றிருந்த பெயர் ‘பி’ ஆகும். விளக்கக் குறிப்புகள் போயே போச்சு. “கமெண்ட்டையும் ஷெல் படிச்சுத்தானே மாமா தாண்டணும்?” மிச்சம் சில மில்லி விநாடி. அப்புறம் கம்ப்யூட்டர் விடியவிடியச் சும்மா கிடக்கும். பகலில் அதிலேயே இவர் இருபது டேப் திறந்து கிரிக்கெட் ஓட்டுவது இந்தக் கணக்கில் வராது.

மறுத்துப் பேசினால் மெக்கில்ராயை இழுப்பார். கணினி அறிஞர் டொனால்ட் கனூத் பக்கம்பக்கமாக எழுதிய சொல் எண்ணும் நிரலின் வேலையை, யூனிக்ஸுக்குப் பைப் தந்த டக் மெக்கில்ராய் 1986இல் ஆறே கட்டளையில் முடித்தது வாஸ்தவம்தான். ஆனால் அந்த ஆறும் மெஷினுக்கு மிச்சம் பிடிக்கவில்லையே! வெறுமனே எண்ணுவதற்கு எல்லாச் சொல்லையும் வரிசைப்படுத்தின. போதாததற்கு ஒவ்வொரு படிக்கும் மெக்கில்ராய் விளக்கமும் எழுதினார். மிச்சமானது மனுஷன் நேரம். இதைச் சொன்னதும் இவருக்கு அவசரமாக ஒரு மீட்டிங் வந்துவிடும்.

தீபாவளி நெருக்கத்தில் மாமா கணக்குக் கோப்பில் சாயக்கூலிக்கு ஒரு கட்டம் சேர்த்தார். ஏழாவது கட்டத்துத் தொகை எட்டாவதுக்கு நகர்ந்தது. இவருடைய ஒற்றை வரியோ இன்னும் ஏழாவதையே படித்தது. அன்றைக்கு நெசவாளி ஒருவருக்குப் பாக்கி நாலு ரூபாய் என்று வந்தது. அது அவர் நெய்து தந்த சேலைகளின் எண்ணிக்கை.

“தம்பி, இதுல எட்டை எங்க போடறது?”

இவர் அந்த ஒற்றை வரியை நெடுநேரம் முறைத்துப் பார்த்தார். “மாமா, பேசாம இதை சி-யில எழுதிடலாமா? இன்னும் வேகமா ஓடும்.”

கணக்குப்பிள்ளை அதற்குள் பழைய ஸ்கிரிப்டைத் திறந்து, ஏழை எட்டாக்கி ஓடவிட்டுக் கூலிக் கவர்களை ஒட்ட ஆரம்பித்திருந்தார்.