கிருக சம்ரக்ஷணம்

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்று சொல்லிவைத்த பெரியவர் ஆயுள் முழுவதையும் வாடகை வீட்டிலேயே கழித்தவராகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். வீடு கட்டுவதில் எத்தனை உபத்திரவம் இருந்தபோதிலும், கிருகப்பிரவேசம் என்று ஒரு நாள் வந்து, பால் காய்ச்சி, புரோகிதருக்குத் தட்சிணையும் கொடுத்து அனுப்பிவிட்டால் அந்தக் காரியம் ஒருவாறு முடிந்துபோகிறது. கட்டிய வீட்டைக் காப்பாற்றி முடிப்பதற்கு நாள் குறித்துக் கொடுக்கும் பஞ்சாங்கமோ இன்னும் அச்சாகவில்லை.

என் பாட்டனார் காலத்திலிருந்து எங்களுக்குப் பாத்தியப்பட்டிருக்கும் திருவல்லிக்கேணி வீடு, மட்ராஸ் டெரஸ் என்று இந்த ஊர்ப் பெயராலேயே வழங்கும் முறையில் தளம் போட்டது. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, அவற்றின்மேல் 6 அங்குல நீளமும் 3 அங்குல அகலமும் 1 அங்குலக் கனமும் உள்ள சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குறுக்குவாட்டாக நிறுத்தி, அதற்கும் மேலே செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டைகளால் நாட்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதித்து முடிப்பார்கள். சித்திரை வெயிலில் அதன்கீழ்ப் படுத்திருப்பவனுக்குத் தன் முன்னோர்களிடத்தில் பெரும் பக்தி உண்டாகும். ஆனால், வருஷத்து மழையில் பாதிக்கு மேல் மூன்றே மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும் வடகிழக்குப் பருவக்காற்று ஐப்பசியில் வந்து சேர்ந்ததும், மழைநீர் பாட்டனார் காலத்து வெல்லத்தின் ருசியைத் தேடிக்கொண்டு தளத்துக்குள் இறங்குகிறது. அது இறங்குகிற வழியும் விசித்திரமானது. விரிசல் ஓரிடத்தில் இருக்கும். நீரோ கட்டையைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போய், தனக்கு இஷ்டமான வேறோரிடத்தில் சொட்டும். எங்கள் வீட்டில் அதற்கு இஷ்டமான இடம் என் புத்தக அலமாரி.

மேஸ்திரியை அழைத்தேன். கட்டின வீட்டுக்குப் பழுது சொல்லாத மேஸ்திரி உலகத்தில் கிடையாது. மொட்டைமாடியில் குந்தி உட்கார்ந்து, தட்டோட்டை விரலால் தட்டிப் பார்த்து, நாடி பிடித்த வைத்தியர் உதட்டைப் பிதுக்குகிற மாதிரி பிதுக்கி, “எந்தப் புண்ணியவான் ஐயா இந்த வேலையைச் செய்தது?” என்றார்.

“போன சித்திரையில் நீர்தான் செய்தீர்.”

அவர் சிறிதும் கலங்கவில்லை. “அதுதானே பார்த்தேன்! வேலை சுத்தமாக இருக்கிறது. நீங்கள் வாங்கிக் கொடுத்த சுண்ணாம்புதான் சரியில்லை.”

மாடியின் கைப்பிடிச் சுவரில், காகத்தின் எச்சத்திலிருந்து முளைத்திருந்த அரசங்கன்று ஒரு தனி வியவகாரம். அரசை வெட்டுவது மகாபாவம் என்று என் தாயாரும், வெட்டாவிட்டால் சுவர் போய்விடும் என்று மேஸ்திரியும் எதிரெதிரே நின்றபோது, வேரில் பெருங்காயத்தை வைத்தால் கன்று தானே பட்டுவிடும் என்று அண்டைவீட்டு நண்பர் எங்கள் தர்மசங்கடத்துக்குப் பரிகாரம் சொன்னார். கட்டிப் பெருங்காயம் வாங்கி வைத்தோம். கன்று முன்னிலும் தளதளப்பாக வளர்ந்தது. ரசத்தில்தான் வாசனை குறைந்தது.

வீட்டு வரியைப் பற்றி நான் ஆட்சேபணை செய்யப் போவதில்லை. அது அரையாண்டுக்கு ஒருமுறைதான் வரும். இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்தும் இருக்கும். சென்னை நகரசபையோ 1687-ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி 1688-இலேயே ஏற்பட்டது. அத்தனை நீண்ட பரம்பரையும் அவ்வளவு ஒழுங்கும் உள்ள வேறு செலவு எதுவும் என் கணக்குப் புத்தகத்தில் இல்லை.

எப்படியும், பழுது பார்க்கும் செலவு வெளிப்படையாகக் கேட்டு வாங்கிக்கொள்வது. தட்டுமுட்டுச் சாமான்களின் செலவு அப்படியன்று. அது இனாமாக உள்ளே நுழையும். என் மைத்துனருக்கு வடக்கே மாற்றல் ஆயிற்று. மூவர் தாராளமாக அமரக்கூடிய தம்முடைய சோபாவை ரயிலேற்றிக்கொண்டு போக மனமில்லாமல், “நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அத்தான்! காசா, பணமா?” என்று பெருந்தன்மையோடு அனுப்பிவைத்தார். அது கூடத்து நிலைவாசலுக்குள் நேராகவும் நுழையவில்லை, சாய்த்தும் நுழையவில்லை. சுமந்துவந்த ஆட்கள் ஒரு நெட்டு நெட்டியதில், நிலைச்சட்டம் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. கரையான் மரத்தின் உள்ளே இருப்பதையெல்லாம் உண்டுவிட்டு, மேலே பூசிய வார்னிஷை மட்டும் மரியாதைக்காக விட்டுவைக்கும் பிராணி. வைரம் பாய்ந்த தேக்கு அதற்கு அவ்வளவாக ருசிப்பதில்லை. என் பாட்டனாரோ, ஊரார் பார்க்கும் தெருவாசலுக்குத் தேக்கும், உற்றார் மட்டும் பார்க்கும் கூடத்துக்கு மாமரமும் போட்ட சிக்கனக்காரர்.

நிலையை மாற்றுவதுதான் மாற்றுகிறோம், சற்று அகலமாகவே வைத்துவிடலாம் என்றார் மேஸ்திரி. அகலமான நிலைக்காகச் சுவரை இடித்ததும், இடித்த இடத்தில் பூசிய புதுப்பூச்சு மற்றச் சுவர்களின் வயதை அம்பலப்படுத்தியதும், அதை மறைக்கக் கூடம் முழுவதற்கும் வர்ணம் அடித்ததும், அந்த வர்ணத்தின் கீழே பழைய சிவப்புச் சிமெண்டுத் தரை மங்கித் தெரிகிறதென்று என் மனைவி விசனப்பட்டதும், புதுத்தரை மேல் விழும் வெயிலில் சோபாவின் துணி வெளுத்துவிடும் என்ற பயத்தினால் ஜன்னல்களுக்கெல்லாம் திரைகள் வந்து தொங்கியதும், ஒன்றன்பின் ஒன்றாக நடந்தேறின. ஓசியில் வந்த அந்த ஆசனத்தை எந்தக் கடையிலும் அந்த விலைக்கு விற்கத் துணியமாட்டார்கள்.

பிரெஞ்சு ஞானியாகிய டிடரோவுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. புதிதாகக் கிடைத்த ஒரு சிவப்பு அங்கியின் பக்கத்தில் தம் பழைய வைக்கோல் நாற்காலி பொருந்தவில்லை என்று தோல் நாற்காலி வாங்கி, அதன் பின் மேஜையையும் சுவர்ப் படங்களையும்கூட மாற்றும்படியாகி, கடைசியில் பழைய அங்கியின் பிரிவாற்றாமையைப் பற்றி 1769-இல் ஒரு கட்டுரையே எழுதினார். ஆயினும் அவர் பாக்கியசாலி. அதற்கு நாலு வருஷம் முன்பே ருஷ்யச் சக்கரவர்த்தினி காதரின் அவருடைய புத்தகசாலையை விலைக்கு வாங்கி, புத்தகங்களை அவரிடமே விட்டுவைத்து, அவற்றைப் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளமும் ஏற்படுத்தியிருந்தாள். திருவல்லிக்கேணிப் பக்கம் அப்படி எந்தச் சக்கரவர்த்தினியும் வரக் காணோம். வந்தாலும், மூன்று மழைக்காலம் நனைந்த என் புத்தகங்களை அவள் தொட்டுப் பார்ப்பாளா என்பது சந்தேகம்.

கூடத்து வேலை ஒருவழியாக முடிந்து, பாக்கிக் கூலிக்காக மேஸ்திரி திண்ணையில் காத்திருந்த நாளன்று, மைத்துனர் ஆட்களோடு வந்து இறங்கினார். மறுபடியும் சென்னைக்கே மாற்றலாம். “கூடம் ராஜசபை போல் இருக்கிறது, அத்தான்! இதற்கு இந்தப் பழைய சோபா எடுபடவில்லை, நான் கொண்டுபோய்விடுகிறேன்” என்றார். ஆட்கள் தூக்கினார்கள். சோபா எங்கும் இடிக்காமல், எதையும் உரசாமல், நேராக வெளியே சென்றது.

மேஸ்திரி பெருமிதத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்து, “கண்டீர்களா ஐயா, நிலையை அகலமாக வைத்தது எவ்வளவு சௌகரியமாகப் போயிற்று!” என்றார்.