ஓடாத சைக்கிளுக்கு ஏற்ற சப்பாத்து: கண்டி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கண்டியில் சமதரை அரிய பொருள். வாவியைச் சுற்றிய பாதையை விட்டால், எந்தத் தெருவில் சைக்கிளை எடுத்தாலும் ஒன்று இறங்கித் தள்ள வேண்டும், அல்லது இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தபடி கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கூப்பிட வேண்டும். 2022இல் பெற்றோல் கிடைக்காமல் நாடே சைக்கிளைத் தேடியபோது யாழ்ப்பாணத்தார் பழகிய காரியம்போல மிதித்துப் போனார்கள். கண்டியாருக்கு மகியாவை ஏற்றம் குறுக்கே நின்றது. ஒக்டோபர், நவம்பர் மழை வேறு. ஆகவே இந்நகரில் சைக்கிளானது சில்லைத் துறந்து, வீட்டுக்குள் புகுந்து, ஜன்னலோரம் நிலைகொண்டதை வரலாற்றுக் கட்டாயம் என்றே கொள்ளத்தகும். அதன்மேல் ஏறுகிறவர் காலில் எதை மாட்டுவது? பேராதனையில் 1952 முதல் ஒரு பல்கலைக்கழகம் இயங்கிவந்தும் இக்கேள்வி உரிய கவனம் பெறாதிருப்பது வருந்தத்தக்கது. அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு.

முதலில் மூலச் சான்று. 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, 1679இல் தப்பியோடிய ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் தன் நூலை வெளியிட்டார். சப்பாத்தும் காலுறையும் அரச உடை, அரசனைத் தவிர இங்கு எவரும் அவற்றை அணிவதில்லை என்பது அதில் அவர் தரும் செய்தி. இரண்டாம் இராசசிங்கன் காலத்துச் சட்டத்தின்படி, இன்று படுக்கையறையில் சப்பாத்து மாட்டிக்கொண்டு மிதிக்கும் வங்கி உத்தியோகத்தர் இராசத் துரோகி. அரசு 1815இல் ஆங்கிலேயர் கைக்குப் போனதால் தப்பினார்.

ஆனால் அரசன் போனாலும் ஆச்சி போகவில்லை. கண்டித் தமிழ் வீட்டில் நிலைப்படியே எல்லை. வெளியில் போட்ட எதுவும் அதைத் தாண்டக் கூடாது. "சப்பாத்தோட உள்ளுக்கு வராத" என்பதைவிடப் பழமையான சட்டம் இந்த மலைநாட்டில் அதிகம் இல்லை. இங்கேதான் ஆய்வுக்குரிய சிக்கல் தோன்றுகிறது. உடற்பயிற்சி சைக்கிளுக்கென்றே வாங்கிய சப்பாத்து தெருவைக் கண்டதில்லை. கடைப் பெட்டியிலிருந்து நேராக அறைக்கு வந்தது. பெடலைத் தவிர வேறெதையும் மிதித்தறியாதது. அது சுத்தமா, அசுத்தமா? தீட்டு சப்பாத்தின் சாதியிலேயே இருக்கிறதா, அல்லது அது நடந்த வழியில் ஒட்டிக்கொள்கிறதா? பேரன் இரண்டாவது கட்சி. ஆச்சி முதலாவது. சாமிப் படம் இருக்கும் சுவருக்கு மறுபக்கத்தில்தான் சைக்கிள் நிற்கிறது என்ற புவியியல் உண்மை பேரனின் வாதத்தை மேலும் பலவீனப்படுத்துகிறது. பெரும்பாலான வீடுகளில் எட்டப்பட்ட உடன்பாடு இதுதான்: சப்பாத்தைப் பெட்டியோடு கையில் எடுத்துக்கொண்டு போய், சைக்கிளில் ஏறி உட்கார்ந்த பிறகே மாட்டலாம், இறங்குமுன் கழற்ற வேண்டும். இரு தரப்பும் தாமே வென்றதாக நம்புகின்றன.

இந்த வழக்கே வேண்டாம் என்று ஒதுங்கியவர்கள் வெறுங்கால் கொள்கையினர். பெடலின் பல்லுப் பல்லான விளிம்பு உள்ளங்காலில் பதியும் வரை அவர்களுடைய கொள்கை உறுதியாக நிற்கும். அடுத்து வருவோர் செருப்புக் கொள்கையினர். எண்ணிக்கையில் இவர்களே அதிகம். ரப்பர் செருப்போடு மிதிக்கும்போது நடப்பதைச் சற்றுக் குனிந்து பார்ப்பது நல்லது. ஒவ்வொரு மிதிக்கும் செருப்பின் நடுப்பகுதி பெடலுக்கு இரு புறமும் வளைந்து தொங்குகிறது. வேர்வை இறங்க இறங்கக் கால் முன்னோக்கி வழுக்கி, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வார் நெரிகிறது. கடைசியில் அடியில் இருக்கும் வட்டக் குமிழ் 'பொத்' என்று துளையிலிருந்து பிய்த்துக்கொண்டு வருகிறது. காந்தத் தடையுள்ள சாதாரண சைக்கிள் என்றால் சேதம் செருப்போடு போகும். 1990களில் தென்னாபிரிக்கரான ஜொனி கோல்ட்பேர்க், ஷ்வின் நிறுவனத்தோடு சேர்ந்து பரப்பிய 'ஸ்பின்' வகை என்றால் கதை வேறு. அவற்றில் பலவற்றின் கனத்த முன்சில்லு பெடலோடு நேராகப் பிணைந்தது. கால் நின்றாலும் சில்லு நிற்காது. சில்லு நிற்காதவரை பெடலும் நிற்காது. கழன்ற செருப்பைத் தேடிக் காலை நீட்டுகிறவரின் கெண்டைக்காலில் பெடல் வந்து அடிக்கும். தடைக் குமிழை அழுத்தி நிறுத்த வேண்டும் என்பது அந்த நேரத்தில் எவருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

மூன்றாம் பிரிவினரான சப்பாத்துக் கொள்கையினர் யூரியூப் பார்ப்பவர்கள். சப்பாத்தின் அடியைப் பெடலோடு பூட்டும் 'கிளீட்' என்பதன்றி முத்தியில்லை என்பது அவர்களது சித்தாந்தம். இதன் வரலாறு சுருக்கமானது. பனிச்சறுக்குச் சப்பாத்துகளைப் பிடித்துவைக்கும் பொறிகளைச் செய்துவந்த பிரெஞ்சு நிறுவனமான லூக், 1984இல் அதே உத்தியைப் பெடலுக்குக் கொண்டுவந்தது. 1985இல் பேர்னார் இனோ அதை மாட்டிக்கொண்டு டூர் டி பிரான்ஸ் போட்டியை வென்றார். அதற்கான சப்பாத்தின் அடியில் மூன்று துளை, முக்கோண வடிவில். 1990இல் ஜப்பானின் ஷிமானோ, இரண்டு துளையும் சிறிய இரும்புத் துண்டும் கொண்ட எஸ்பிடி முறையை மலைச் சைக்கிளுக்காகக் கொண்டுவந்தது. முதலாவதில் கிளீட் அடியிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும். இரண்டாவதில் பெரும்பாலும் உள்ளே பதிந்திருக்கும், நடக்கலாம். மார்பிள் போலத் தேய்த்து வைத்த ரைல்ஸ் தரையில் முதல் வகையோடு இறங்கி, கதவு மணிக்கு ஓடுகிறவருக்கு இவ்வேறுபாடு மூன்றே அடியில் விளங்கிவிடும்.

இவ்வாய்வின் நடுவான கண்டுபிடிப்பை இனியும் ஒளித்துவைப்பதில் பயனில்லை: சப்பாத்தைத் தேர்வது மனிதன் அல்ல, பெடல். பெடலில் பிளாஸ்ரிக் வார் மட்டும் இருந்தால் எந்தக் கிளீட்டும் எதிலும் மாட்டாது. கெட்டியான, தட்டையான அடியுள்ள சாதாரண சப்பாத்தே போதும். ஓட்டத்துக்கென்று செய்த பஞ்சடிச் சப்பாத்து இதற்கு ஆகாது. காலின் பலத்தில் ஒரு பங்கைப் பஞ்சு விழுங்கிவிட, மிச்சம் பெடலின் சிறிய பரப்பிலேயே குவிந்து, முன்பாதம் எரியும், பிறகு மரக்கும். இரு கையால் முனையையும் குதியையும் பிடித்து வளைத்துப் பார்ப்பதே பரிசோதனை. எளிதில் மடிந்தால் வைத்துவிட வேண்டியதுதான். இந்தப் பரிசோதனையைக் கண்டி நகர்ச் செருப்புக்கடை ஒன்றில் செய்துபார்ப்பவர், சிப்பந்தியின் முகம் மாறுவதையும் அவதானிக்கலாம். சைக்கிள் சப்பாத்து என்று கேட்டால் அவர் எடுத்துக் கொடுப்பது பள்ளிக்கூட வெள்ளைக் கன்வஸ். ஒரு நியாயத்துக்கு, வார்ப் பெடலுக்கு அது தவறான விடையும் அல்ல.

அதனால்தான் கிளீட் வேண்டுவோர் ரொறன்ரோ மச்சானை நாடுகிறார்கள். அவர் அளவு கேட்பார். இவர் எட்டு என்பார். பெட்டியில் நாற்பத்திரண்டு வரும். இரு முறைகளும் ஒன்றையொன்று மதிப்பதில்லை. ஆங்கில அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒரு வாற்கோதுமை மணி நீளம், அதாவது அங்குலத்தில் மூன்றிலொன்று, 8.47 மில்லிமீற்றர். ஐரோப்பிய அளவில் சென்ரிமீற்றரின் மூன்றில் இரண்டு, 6.67. ஒன்றின் முழு எண் மற்றதன் முழு எண்ணோடு அரிதாகவே பொருந்தும். சாயங்காலம் வீங்கிய காலைக் காகிதத்தில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, சென்ரிமீற்றரில் அளந்து அனுப்புவதே உருப்படியான வழி. நீளம் மட்டும் போதாது. பெல்ஜிய ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வொன்று, தென்னிந்தியாவில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களின் பாதம், சப்பாத்தில் வளர்ந்த பாதத்தைவிட ஒப்பீட்டளவில் அகன்றது எனக் காட்டியது. செருப்போடு வளர்ந்த நம்மவர் கால் அதற்குப் பக்கத்து வீடு. ஐரோப்பியச் சைக்கிள் சப்பாத்துகளோ பொதுவாக ஒடுக்கமானவை. அகல வகை கேட்டு வாங்காதவரின் சின்ன விரல் சாட்சி சொல்லும்.

சேமிப்பு பற்றி ஒரு குறிப்பு. வேர்வையில் ஊறியதைப் பெட்டிக்குள் மூடிவைத்தால் கண்டி ஈரத்தில் சில நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கும். மாடியில் காயவைத்தால் உடவத்தைக் காட்டுப் பக்கக் குரங்குகள் வரும். வாரை அவை கடிப்பதற்கான காரணம் உப்பா, குறும்பா என்பது தனி ஆய்வுக்குரியது.

சப்பாத்தை மாற்றுவதைவிடப் பெடலை மாற்றுவது மலிவு என்ற முடிவுக்கு வருவோரும் உளர். பெரும்பாலான இயந்திரங்களில் பெடல் தண்டின் அளவு தெருச் சைக்கிளுக்கு உள்ள அதே 9/16 அங்குலம். சிலவற்றில் அரை அங்குலம். வலப் பெடல் வழக்கம்போல இறுகும், இடப் பெடல் தலைகீழ். இது தெரியாமல் மல்லுக்கட்டினால் கிராங்கின் புரி போய்விடும் என்பதால் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு சைக்கிள் பாஸிடம் முழு இயந்திரத்தையும் திரீவீலில் ஏற்றிக்கொண்டு போனார் ஒருவர். பாஸ் அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். "பெடலைப் பிறகு பார்ப்பம் தம்பி," என்றார். "சில்லு ரெண்டையும் எங்க வச்சிட்டு வந்தீங்க?"