அங்கிள், செயின் கழண்டுச்சா?

தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் ஏறக்குறைய 46 கிலோமீட்டர். புதிதாகக் கியர் சைக்கிள் வாங்கியவருக்கு முதல் ஞாயிறே அங்கே போயாக வேண்டும். தூரத்தை வாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டினால் போதும் என்பார்கள்; அதெல்லாம் சாமானியருக்கு. பென்னாகரம் தாண்டினால் மலை இறக்கம், சைக்கிள் தானே பறக்கும். திரும்பும்போது அதே மலை எதிரே நிற்கும் என்பதைக் கையில் கட்டிய நாடித்துடிப்புக் கடிகாரம் முன்கூட்டிச் சொல்வதில்லை.

தாங்குதிறன் வளர, மூச்சிரைக்காமல் பேச முடிகிற வேகத்தில் மிதிக்க வேண்டுமாம். நம்மவர் பென்னாகரத்து முதல் மேட்டிலேயே மௌன விரதம். அரசு தந்த விலையில்லா மிதிவண்டியில், கியர் இல்லாமல், டியூஷனுக்குப் போகும் பிளஸ் ஒன் பிள்ளைகளோ கெமிஸ்ட்ரி டீச்சரின் புதுப் புடவையை அலசிக்கொண்டே முந்துகிறார்கள். ஒருத்தி மட்டும் திரும்பி, “அங்கிள், செயின் கழண்டுச்சா?”