சென்சாருக்குப் பாடை கட்டாதீங்க மாப்ளே

வாங்க மாப்ளே, உக்காருங்க. புது நாக்ஸ் சென்சார் மாட்டியும் மஞ்ச லைட்டு அணையலையாமே? அணையாதுங்க. ஸ்கேனர்ல வந்த நம்பர் என்ன? 3226, பக்கத்துல ஒரு 9. முன்னாடி இருக்கறதை மட்டும் படிச்சுட்டுக் கடைக்கு ஓடிட்டீங்க. 9-ஐப் படிக்க நேரமில்லை, பெரிய ஓனரு பாருங்க.

3226-ன்னா புகை வெளிய போற பக்கத்து நாக்ஸ் சென்சார். 9-ன்னா அதுகிட்ட இருந்து சேதி ஒழுங்கா வரலைங்குது. கெட்டுப்போச்சுன்னு எங்கயும் சொல்லலைங்களே! போன் எடுக்கலைன்னா ஆளு செத்துட்டான்னு பாடை கட்டுவீங்களா? சார்ஜ் இருக்குதா, டவர் இருக்குதான்னு பாக்க வேண்டாமா? 9-க்குப் பதிலா 3 வந்தா வோல்ட் எச்சு, 4 வந்தா கம்மி, 5 வந்தா லைன் அத்துப்போச்சு. அதுலயும் மொதல்ல ஒயரைத்தான் பாக்கோணும்.

உங்க வண்டியில அந்தச் சென்சாருக்கு வர்றது நாலே ஒயருங்க. 24 வோல்ட் ஒண்ணு, எர்த்து ஒண்ணு, பேச்சுக்கு ரெண்டு. மீட்டர் வெச்சீங்க, 24 காட்டுச்சா? காட்டும். ஒயருல ஒத்தை இழை மிச்சமிருந்தாலும் காட்டும். ஆனா உள்ள இருக்கற ஹீட்டரு 800 டிகிரி வரைக்கும் சூடேறோணும், அந்த இழுப்பை ஒத்தை இழை தாங்குமா? கனெக்டரைக் கழட்டி, ஒயரிங் பக்கத்துல ப்ளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் நடுவால 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒண்ணைப் போடுங்க. பல்பு எரியறப்பவே மீட்டரைப் பாருங்க. பேட்டரில இருக்கறதுக்குக் கிட்டத்துல நின்னாச் சரி. 18-க்கு எறங்குனா, நீங்க குடுத்த காசு வீண்.

பேச்சு ஒயரு ரெண்டுக்கும் வேற வைத்தியம். பேட்டரியைக் கழட்டிட்டு ஓம்ஸ்ல வெச்சா 60 வரோணும். 120 வந்தா மெயின் லைன்ல ஒரு பக்கம் அத்துப்போச்சு. சைபர்கிட்ட வந்தா ரெண்டும் எங்கயோ ஒட்டிக்கிச்சு. ஒண்ணுமே காட்டலையா? சென்சாருக்குப் பிரிஞ்சு வர்ற கிளையைத் தடவிப் பாருங்க. சேஸில கிளிப்பு விட்டுப்போய் ஒயரு உராயற எடம், சைலன்சர் சூட்டுல வெந்த எடம், கனெக்டருக்குள்ள பச்சைக் களிம்பு. பெருக்கான் கடிச்சிருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஆமா, போன நோம்பிக்குச் சாமி படத்தைச் சுத்தி மினுக்குற லைட்டு போட்டீங்களே, அதுக்கு எந்த ப்யூஸ்ல கொக்கி போட்டீங்க? சாமி பொறுத்துக்கும், ப்யூஸ் பொறுக்காது. சேஸில வெல்டிங் வெச்சப்ப பேட்டரியைக் கழட்டுனீங்களா? சரி விடுங்க, மூஞ்சியே சொல்லுது.

இன்னொண்ணுங்க. காலைல ஸ்டார்ட் பண்ணுன ஒடனே ரீடிங் வரலைன்னு குதிக்காதீங்க. உள்ள இருக்கறது பீங்கான். சூடா இருக்கறப்ப தண்ணி பட்டா விரிசல் விட்டுரும். குழாய்ல ஈரம் காயற வரைக்கும் அது காத்துக்கிட்டிருக்கும். உங்களைவிடப் பொறுமை எச்சு.

அப்பறம், டப்பா ஒண்ணு மாட்டுனா யூரியாத் தண்ணியே ஊத்த வேண்டாம்னு எவனோ சொன்னானாமே? 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 வந்தாலும் வந்துச்சு, இந்த டப்பா டாக்டருங்க தொல்லை தாங்கலை. அது புகையைச் சுத்தம் பண்ணாதுங்க, கம்ப்யூட்டர்கிட்டப் பொய் சொல்லும், அவ்வளவுதான். எஃப்சிக்குப் போறப்ப நீங்களும் கூடச் சேர்ந்து சொல்லிக்குங்க.

பழைய சென்சாரை என்ன பண்ணுனீங்க? பழைய இரும்புச் சாக்குலயா? ஓடிப்போய் எடுத்து வெய்ங்க. லைன் சரியானதும் அதையே மாட்டிப் பாக்கலாம். எலக்ட்ரிக் சாமானைக் கடைக்காரரு திருப்பி எடுக்க மாட்டாரு, புதுசு டூல் பாக்ஸ்ல ஸ்பேரா கெடக்கட்டும். டிரைவர்கிட்ட மட்டும் அதோட வெலையைச் சொல்லிராதீங்க. போன மாசம் அவன் பேட்டா ஏத்திக் கேட்டப்ப கையில காசில்லைன்னீங்களாமே!